இங்கிலாந்தின் பங்கு ஆலயத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு: கட்டடத்தின் வரலாறும் சேஃப்கார்டிங் பொறுப்பும்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ லண்டனுக்கு வந்து, வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தெருவிலுள்ள பழைய கல் ஆலயத்தின் வாசலில் முதன்முதலாக நிற்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உள்ளே நுழைந்ததும் இரண்டு தாள்கள் கண்ணில் படும். ஒன்று, அந்த ஆலயத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறு மடிப்பிதழ். மற்றொன்று, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் சேஃப்கார்டிங் அறிவிப்பு. முதல் தாளை ஆர்வத்தோடு எடுத்துக்கொள்கிற நம்மவர்கள் பலர், இரண்டாவதை ஏதோ அலுவலகச் சடங்கு என்று கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறுவரையும், எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய பெரியவர்களையும் தீங்கிலிருந்து காக்கும் பொறுப்பையே இங்கே சேஃப்கார்டிங் என்கிறார்கள். தமிழ்ச் சபைகளிலும் அந்தச் சொல்லையே அப்படியே வழங்குவதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

முதல் படி: உங்கள் பங்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தென்னிந்தியத் திருச்சபையார் சேகரம் என்றும் கத்தோலிக்கர் பங்கு என்றும் சொல்வதைத்தான் இங்கிலாந்துத் திருச்சபையில் பாரிஷ் என்கிறார்கள். ஆனால் நம் ஊர்ச் சேகரம் பெரும்பாலும் சபைக் குடும்ப அட்டைகளால் ஆனது; இங்குள்ள பங்கு வரைபடத்தில் எல்லைக்கோடு போட்ட நிலப்பரப்பு. அந்தக் கோட்டுக்குள் குடியிருக்கிற எவருக்கும், அவர் ஆலயத்துக்கு வந்து போகிறவராக இல்லாவிட்டாலும், பொதுவாக அங்கே திருமணம் செய்துகொள்ளும் உரிமை உண்டு. நாம் ‘ஓலை வாசித்தல்’ என்று சொல்கிற அறிவிப்பு இங்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கப்படுகிறது. இந்திய, இலங்கைக் குடியுரிமையோடு இருப்பவர்களுக்கு ஓலை மட்டும் போதாது. அரசுப் பதிவாளர் அலுவலகத்தில் முன்னறிவிப்புக் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்பதால், திருமணத் தேதியைக் குறிக்கும் முன்பே குருவானவரிடம் பேசிவிடுங்கள்.

இரண்டாம் படி: கட்டடத்தைப் படியுங்கள்

எடுத்துக்காட்டாக, தமிழ்க் கடைகள் வரிசை கட்டி நிற்கும் ஈஸ்ட் ஹாமையே எடுத்துக்கொள்வோம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் காய்கறி வாங்கிவிட்டுத் தெற்கே ஏ13 நெடுஞ்சாலைப் பக்கமாக நடந்தால், மரங்கள் அடர்ந்த மிகப் பெரிய கல்லறைத் தோட்டத்தின் நடுவே புனித மகதலேனா மரியாள் ஆலயம் நிற்கிறது. நார்மானியர் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் அது. மக்கள் அமரும் நீள்கூடம், அதையடுத்துப் பலிபீடப் பகுதி, அதற்கும் கிழக்கே அரைவட்டமாக வளைந்து முடியும் சுவர் என்று அந்தக் கால அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. பலிபீடப் பகுதியின் சுவரில், ஒன்றுக்குள் ஒன்று பின்னிச் செல்லும் வளைவுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கூடை முடைகிறவர் பனையோலையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தது போலக் கல் அங்கே வளைந்திருப்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

எட்மண்ட் நெவில் என்பவருக்கும் அவர் மனைவி ஜேனுக்கும் எழுப்பிய நினைவுச்சின்னமும் உள்ளே இருக்கிறது. அதில் பெற்றோரோடு பிள்ளைகளும் முழந்தாளிட்டுக் கைகூப்பி இருக்கிறார்கள். ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி என்னும் பழங்காலக் கல்வட்டங்களை அளந்து ஆராய்ந்தவரும், தாமே ஒரு குருவானவராக இருந்தவருமான வில்லியம் ஸ்டூக்லியை 1765-இல் இந்தத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். தம்மைப் புதைத்த இடத்தின்மேல் புல்லைச் சமமாகப் பரப்பிவிடும்படியும், நினைவுக்கல் எதுவும் வேண்டாம் என்றும் அவரே கேட்டுக்கொண்டார். கல் இல்லாத அந்தக் கல்லறையைப் பற்றி இன்று நம்மால் பேச முடிகிறதென்றால், யாரோ அதை எழுதி வைத்தார்கள் என்பதே காரணம்.

எழுதி வைப்பது இங்குள்ள பங்குகளின் பழைய வழக்கம். 8-ஆம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் இட்ட ஆணைப்படி, ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்கத் தொடங்கினார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகள் பொதுவாக ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். உங்கள் வீடு இருக்கும் இடத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் யார் வாழ்ந்தார்கள், எத்தனை குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தன என்பதையெல்லாம் அவற்றில் தேடிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள். இத்தகைய ஆலயத்தில் நம் விருப்பப்படி எதையும் மாற்ற முடியாது. ஒரு பழைய இருக்கையை அகற்றுவது முதல் சுவரில் நினைவுப் பலகை பதிப்பது வரை, ஃபேகல்ட்டி என்னும் அனுமதியை, பல பங்குகள் அடங்கிய பேராயத்தின் திருச்சபை நீதிமன்றத்திடமிருந்து பெற வேண்டும். சிறு பழுதுபார்ப்புகளுக்கு மட்டும் எளிய வழிகள் உண்டு. அப்பாவின் நினைவாக ஒரு விளக்கோ மேசையோ கொடுக்க நினைத்து, வாங்கிக் கொண்டுவந்து இறக்கிய பிறகு மனம் நோகும் குடும்பங்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். முதலில் சர்ச் வார்டனிடம், அதாவது சபையார் தேர்ந்தெடுத்த ஆலயப் பொறுப்பாளரிடம், கேளுங்கள்.

மூன்றாம் படி: பெயரைச் சேருங்கள்

சபைப் பட்டியலுக்கு இங்கே எலெக்டோரல் ரோல் என்று பெயர். ஞானஸ்நானம் பெற்று, 16 வயது நிறைந்து, பங்கின் எல்லைக்குள் வசிப்பவர் அல்லது ஆறு மாதமாகத் தொடர்ந்து ஆராதனைக்கு வருகிறவர் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் இலங்கைத் திருச்சபையும் இங்கிலாந்துத் திருச்சபையோடு ஐக்கியத்தில் உள்ளவை என்பதால், அங்கிருந்து வருகிறவர்கள் மீண்டும் திடப்படுத்தல் பெற வேண்டியதில்லை. வேறு சபைகளிலிருந்து வருகிறவர்கள் ஆறு மாதம் வந்த பிறகு, தங்களை இங்கிலாந்துத் திருச்சபையாருமாகக் கருதுவதாக அறிவித்துச் சேரலாம். இந்தப் பட்டியலை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாக எழுதுகிறார்கள். 2025-இல் எழுதியாயிற்று, அடுத்தது 2031-இல். அப்போது பழைய உறுப்பினர்களும் மறுபடி படிவம் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: சேஃப்கார்டிங் எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மடிப்பிதழில் வராத வரலாறு ஒன்று இந்தத் திருச்சபைக்கு உண்டு. சிறுவர் பாலியல் கொடுமை குறித்த அரசின் சுயேச்சை விசாரணைக் குழு 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1940-கள் முதல் 2018 வரை குருமாரும் திருச்சபையில் பொறுப்பு வகித்தவர்களுமாக 390 பேர் சிறுவர்மீதான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றிருக்கிறார்கள். வழக்குக்கு வந்து மெய்ப்பிக்கப்பட்டவை மட்டுமே இந்தக் கணக்கில் அடங்கும்.

இந்த வரலாற்றில் இருவரைப் பற்றிப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பேராயராக இருந்த பீட்டர் பால் பாலியல் குற்றங்களுக்காக 2015-இல் சிறை சென்றார். அவர்மீது 1992-இல் புகார் எழுந்தபோது திருச்சபையின் முதன்மைப் பேராயரான கேன்டர்பரி பேராயரின் இல்லமாகிய லாம்பெத் அரண்மனைக்கு வந்த ஏழு கடிதங்களில் ஒன்று மட்டுமே காவல்துறைக்குக் கொடுக்கப்பட்டது என்று, மொய்ரா கிப் தலைமையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு கண்டது. மற்றவர் ஜான் ஸ்மித். அவர் குருவானவர் அல்லர். வழக்கறிஞர், கிறிஸ்தவ விடுமுறை முகாம்களை நடத்திய மதிப்புக்குரிய சபையார். அவர் பையன்களைக் கொடூரமாக அடித்து வதைத்ததைப் பற்றி 1982-லேயே ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அது காவல்துறைக்குப் போகவில்லை. அவர் நாட்டைவிட்டுச் சென்று ஆப்பிரிக்காவில் வாழ்ந்து, இங்கிலாந்தில் செய்தவற்றுக்காக விசாரணைக் கூண்டில் ஏறாமலே 2018-இல் இறந்தார். இதை ஆராய்ந்த மேக்கின் அறிக்கை 2024 நவம்பரில் வெளிவந்ததை அடுத்து, கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார்.

இரண்டு நிகழ்விலும் உண்மை எழுத்தில் இருந்தது. ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகப் பதிந்து காத்த ஒரு திருச்சபையில், பிள்ளைகள் பட்ட துன்பத்தைச் சொன்ன தாள்கள் மட்டும் இழுப்பறைக்குள் போய்விட்டன. இன்று நம்மிடம் நீட்டப்படும் ஒவ்வொரு படிவத்துக்குப் பின்னாலும் அந்தத் தாள்கள் இருக்கின்றன. குருமார், சர்ச் வார்டன்கள், பங்கை நிர்வகிக்கும் பங்கு மன்றத்தார் ஆகியோர் பேராயர்களின் சேஃப்கார்டிங் வழிகாட்டுதலை மதித்து நடக்க வேண்டும் என்பதை 2016-இல் திருச்சபைச் சட்டமே கடமையாக்கியது.

ஐந்தாம் படி: அறிவிப்புப் பலகை

அங்கே மூன்று விவரங்களைத் தேடுங்கள்: பங்கின் சேஃப்கார்டிங் அலுவலர் பெயரும் தொலைபேசி எண்ணும், பேராயத்தின் சேஃப்கார்டிங் அலுவலர் எண், பங்கு மன்றம் இந்த ஆண்டு கொள்கையை ஏற்றுக் கையெழுத்திட்ட தேதி. தேதி பழையதாக இருந்தால் அதைக் கேட்பதில் தவறே இல்லை. உங்கள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் ஹாம் செம்ஸ்ஃபோர்டு பேராயத்தைச் சேர்ந்தது. நீங்கள் இருக்கும் பகுதி வேறு பேராயமாக இருக்கலாம்.

ஆறாம் படி: ஊழியம் செய்ய முன்வந்தால்

ஊரில் பத்து ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளி நடத்திவிட்டு வந்தவள் நான். இங்கே ஞாயிறு பள்ளியில் உதவுகிறேன் என்று சொன்னபோது, ‘மிக்க மகிழ்ச்சி’ என்ற பதிலோடு ஒரு கட்டுப் படிவமும் வந்தது. என்னைச் சந்தேகப்படுகிறார்களா என்று அன்று இரவு முழுவதும் மனம் வருந்தினேன். பிறகு தெரிந்துகொண்டேன், அதே கட்டு குருவானவருக்கும் உண்டு, சிறுவருக்கு மணியடிக்கக் கற்றுத்தருபவருக்கும் உண்டு. ஜான் ஸ்மித்தின் கதையைப் படித்தபின், நல்ல பெயர் ஒன்றையே சான்றாக எடுத்துக்கொள்ளாத சபையில்தான் என் பிள்ளையை விடுவேன் என்று முடிவு செய்தேன்.

அந்தக் கட்டில் விண்ணப்பம், இருவரின் பரிந்துரை, இரகசிய உறுதிமொழிப் படிவம், டிபிஎஸ் என்னும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவை இருக்கும். உறுதிமொழிப் படிவத்தில் தண்டனை பெற்றதுண்டா என்பது மட்டுமல்லாமல், உங்கள் நடத்தையைப் பற்றி யாரேனும் எப்போதாவது கவலை தெரிவித்ததுண்டா என்றும் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள். ஒரு பழைய சாலை விதிமீறல் உங்களை ஊழியத்திலிருந்து விலக்கிவிடாது; மறைத்தது தெரிந்தால் விலக்கக்கூடும்.

தன்னார்வலர்களுக்கு டிபிஎஸ் கட்டணம் இல்லை. ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள், அதுவும் பெயரில். ஊரில் ‘ச. அருள்’ என்று இருந்தவர் கடவுச்சீட்டில் ‘அருள் சாமுவேல்’ ஆகியிருப்பார். வங்கியில் ‘சாமுவேல் ஏ’ என்று இருக்கும். திருமணத்துக்குப் பின் மனைவி தம் தந்தை பெயரை விட்டுக் கணவர் பெயரைச் சேர்த்திருப்பார். இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் படிவம் கேட்கிறது. இனிஷியலை விரித்த வடிவம், பழைய எழுத்துக்கூட்டல், திருமணத்துக்கு முந்தைய பெயர் என ஒன்றுவிடாமல் கொடுங்கள். அதுபோலவே கடந்த ஐந்து ஆண்டு முகவரிகளை இடைவெளி இல்லாமல் மாதம், ஆண்டோடு கேட்பார்கள். தூத்துக்குடியிலோ வவுனியாவிலோ இருந்த வீட்டு முகவரியும், வந்த புதிதில் நண்பர் வீட்டில் தங்கிய இரண்டு மாதமும் அதில் வர வேண்டும். அண்மைக் காலம் வரை வெளிநாட்டில் இருந்தவரிடம் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழும் கேட்கக்கூடும். டிபிஎஸ் சான்றிதழ் உங்கள் வீட்டு முகவரிக்கே வரும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பயிற்சியின் முதல் கட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். ஊழியப் பொறுப்பு இல்லாதவரும் அதைச் செய்யலாம், செய்வது நல்லது. அடுத்த கட்டங்கள் பொறுப்பைப் பொறுத்தவை. இவையெல்லாம் முடியும் வரை பிள்ளைகளோடு பணியாற்றத் தொடங்க வேண்டாம். ஆள் குறைவாக இருக்கிறது என்று யாராவது அவசரப்படுத்தினாலும் பொறுத்திருங்கள்.

ஏழாம் படி: வகுப்பறைக்குள்

எத்தனை குறைவான பிள்ளைகள் வந்தாலும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். 4 முதல் 8 வயதுள்ளவர்களுக்கு ஆறு பிள்ளைக்கு ஒருவர், 9 முதல் 12 வரை எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் என்பது பரிந்துரைக்கப்பட்ட அளவு. ஒரு பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றிச் செல்வது, பதின்ம வயதினருக்குத் தனிப்பட வாட்ஸ்அப் அனுப்புவது, பெற்றோர் எழுத்தில் இசையாமல் படம் எடுத்துப் பகிர்வது ஆகியவை கூடாதவை.

நம் பழக்கங்கள் சிலவற்றையும் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்பினால்தான் கன்னத்தைக் கிள்ளுகிறோம், மடியில் இழுத்து உட்கார வைக்கிறோம், ‘மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு’ என்கிறோம். அந்தக் கடைசி வாக்கியம், தன் உடலைத் தொட விடலாமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை தனக்கில்லை என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. ஊரிலும் விட்டொழிக்க வேண்டிய பழக்கம்தான் அது. ஊரிலிருந்து வந்த கடலைமிட்டாயை வகுப்பில் பகிர்வதற்கு முன் ஒவ்வாமைக் குறிப்பைப் பாருங்கள். நிலக்கடலை சில பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து.

எட்டாம் படி: ஒரு பிள்ளை உங்களிடம் எதையாவது சொன்னால்

பிள்ளை சொல்லும்போது அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்று மென்மையாகச் சொல்லுங்கள். ‘அவர் அடித்தாரா?’ என்பது போலப் பதிலை நாமே எடுத்துக்கொடுக்கும் கேள்விகள் வேண்டாம். நடந்ததா இல்லையா என்று துருவி ஆராய்வது நம் வேலை அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய்க் கேட்கவே கூடாது.

பிறகு, அன்றே, சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், உங்கள் கையெழுத்து எல்லாம் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளிடம் இதில் தனிக் கவனம் தேவை. பிள்ளை ‘மாமா’ என்று சொன்னால், அது தாயின் தம்பியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், ஆலயத்தில் வாசலில் நிற்பவராகவும் இருக்கலாம். நீங்களாகவே ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று எழுதிவிட்டால் விசாரிப்பவர் தவறான வீட்டுக் கதவைத் தட்டக்கூடும். ‘மாமா’ என்றே எழுதி, அச்சொல் தமிழில் யாரையெல்லாம் குறிக்கும் என்பதைத் தனிக் குறிப்பாகச் சேருங்கள். உடலுறுப்புகளுக்குப் பிள்ளை வீட்டில் வழங்கும் சொல்லையும் மாற்றாதீர்கள்.

எழுதியதைப் பங்கின் சேஃப்கார்டிங் அலுவலரிடம் கொடுங்கள். அவர் 24 மணி நேரத்துக்குள் பேராய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் 999 என்னும் அவசர உதவி எண்ணை அழையுங்கள். கவலை குருவானவரைப் பற்றியதாகவே இருந்தால், பங்கில் யாரிடமும் சொல்லாமல் நேராகப் பேராய அலுவலரிடமோ காவல்துறையிடமோ போகலாம். பிள்ளைகளே பேசுவதற்கான சைல்டுலைன் எண் 0800 1111. உங்கள் பிள்ளைக்கு அதை இன்றே சொல்லி வையுங்கள்.

‘குடும்ப மானம் போய்விடும், சபைக்கு அவப்பெயர் வரும்’ என்ற பேச்சு நிச்சயம் வரும். பீட்டர் பாலைப் பற்றி வந்த கடிதங்களை அடக்கி வைத்தவர்களும் சபையின் பெயரைத்தான் நினைத்தார்கள்.

பெரியவர்களையும் மறக்க வேண்டாம்

கணவரின் விசாவை நம்பி வந்து, ஆங்கிலம் பழகாமல், வங்கி அட்டையைக் கையால் தொட்டறியாமல் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணும், பராமரிப்புப் பணிக்கென்று பெரும் கடன்பட்டு வந்து முதலாளிக்குப் பயந்து வாழ்பவரும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரவழைக்கப்பட்ட முதியவரும் சேஃப்கார்டிங்குக்கு உட்பட்டவர்களே. அவர்கள் தமிழில் பேச உங்களைத் தேடி வருவார்கள். அவர்களுக்காக நீங்களே முடிவெடுக்காமல், அவர்கள் சம்மதத்தோடு அலுவலரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்களது குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைக்க வேண்டாம்.

கடைசிப் படி: ஆண்டுக் கூட்டம்

ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் பங்கின் ஆண்டுக் கூட்டம் நடக்கும். சர்ச் வார்டன்களையும் மன்றத்தாரையும் தேர்ந்தெடுப்பது அப்போதுதான். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே எலெக்டோரல் ரோல் மூடப்படும் என்பதால், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அன்று தரப்படும் ஆண்டறிக்கையில், சேஃப்கார்டிங் கடமையை நிறைவேற்றியதாக மன்றம் எழுதும் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். எத்தனை பேரின் பயிற்சி காலாவதியாகியிருக்கிறது, அலுவலர் பதவி காலியாக இருக்கிறதா என்று எழுந்து நின்று கேளுங்கள். கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பேட்டில் ஏறுகின்றனவா என்று செயலாளரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.